ஈபி குழந்தைக்குச் சாப்பாடு தொண்டையில் நிற்கிறதா? வீட்டிலிருந்து ஆபரேஷன் தியேட்டர் வரை ஒரு முழு வழிகாட்டி

எபிடெர்மோலைசிஸ் புல்லோசா என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதியிருக்கும், பேச்சில் எல்லாரும் ஈபி என்றுதான் சொல்வார்கள். லேசாக உரசினாலே தோல் கொப்பளித்து உரிந்துவிடும் பரம்பரை நோய். எந்தக் களிம்பு, எந்தத் துணி, கொப்புளத்தை எங்கே குத்தி நீரை எடுப்பது என்று தோல் விஷயத்தில் வீட்டில் இருப்பவர்கள் சில மாதங்களிலேயே பாதி நர்ஸ் ஆகிவிடுகிறார்கள். ஆனால் தொண்டைக்குள் நடப்பது கண்ணுக்குத் தெரியாது, அதனால் பெரும்பாலான வீடுகளில் அது கடைசியாகத்தான் கவனத்துக்கு வருகிறது, அதற்குள் குழந்தை கஞ்சியும் பாலுமாக வாழப் பழகிவிட்டிருக்கும். என்னைக் கேட்டால் இந்த நோயில் பாதிக் கஷ்டம் அந்தத் தாமதத்தால்தான் வருகிறது. கீழே இருப்பது எதுவும் உங்கள் டாக்டர் சொல்வதற்கு மாற்று கிடையாது. அவரிடம் என்ன கேட்பது, வீட்டில் என்ன பார்ப்பது என்று தெரிந்துகொள்ளத்தான் இது.

முதலில், உள்ளே என்ன நடக்கிறது

ஈபியில் சிம்ப்ளெக்ஸ், ஜங்ஷனல், டிஸ்ட்ரோஃபிக், கிண்ட்லர் என்று 4 பெரிய பிரிவுகள் உண்டு. விழுங்குவதில் பெரிய தகராறு வருவது டிஸ்ட்ரோஃபிக் பிரிவில், அதிலும் அப்பா அம்மா இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்து சேரும் ரிசெசிவ் வகையில். பெற்றோர் இருவரும் நோய் இல்லாமலே அந்தப் பழுதைச் சுமப்பவர்களாக இருந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு வாய்ப்பு, சொந்தத்துக்குள்ளேயே கல்யாணம் செய்யும் குடும்பங்களில் இது கூடுதலாகத் தெரிவது அதனால்தான். மாசமாக இருந்தபோது கிரகணத்தில் வெளியே போய்விட்டாள் என்று மருமகளைக் குத்திக்காட்டுவதை இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

பழுது இருப்பது சிஓஎல்7ஏ1 என்ற மரபணுவில். 7ஆம் வகைக் கொலாஜனைச் செய்ய உடம்புக்குக் கட்டளை தருவது அது. கோட்டின் உள்பக்க லைனிங் துணியை வெளித்துணியோடு பிடித்துவைத்திருக்கும் தையல் மாதிரி, மேல்தோலை அடித்தோலோடு பிடித்திருப்பது இந்தக் கொலாஜன்தான். வாய், தொண்டை, உணவுக்குழாய் மூன்றின் உள்சுவரும் தோலைப் போன்ற அடுக்குச் செல்களால் ஆனது, அங்கேயும் இதே பிடிப்புதான். எனவே கரடுமுரடான ஒரு வாய்ச் சாப்பாடு உரசிக்கொண்டு இறங்கினால் உள்ளே கொப்புளம் வருகிறது, உடைகிறது, தழும்பாக ஆறுகிறது. திரும்பத் திரும்ப இப்படி நடந்தால் அந்த இடம் வளையம் போட்டது போலச் சுருங்கும். பெரும்பாலும் உணவுக்குழாயின் மேல் பகுதியில்தான் இந்தச் சுருக்கம் விழும், சிலருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் இருக்கும். இரைப்பையின் உள்சுவர் வேறு வகை என்பதால் அங்கே இந்தத் தொல்லை இல்லை, ஆனால் ஆசனவாயில் மறுபடி அதே கதை.

அமெரிக்காவின் தேசிய ஈபி பதிவேட்டுக் கணக்குப்படி, கடுமையான ரிசெசிவ் வகை உள்ளவர்களில் 45 வயதுக்குள் 10-ல் 9 பேருக்கு மேல் உணவுக்குழாய்ச் சுருக்கம் வந்துவிடுகிறது. பலருக்கு முதல் 10 வயதுக்குள்ளேயே தொடங்கிவிடும். ஆக, இந்த வகை என்று உறுதியான குழந்தைக்குச் சுருக்கம் வரும் என்றே வைத்துக்கொண்டு தயாராக இருப்பதுதான் புத்திசாலித்தனம்.

படி 1: எதைச் சாப்பிடுவதை நிறுத்தியது என்று எழுதுங்கள்

ஓபியில் டாக்டர் "சாப்பிடுறானா?" என்று கேட்பார், நாமும் "ம், சாப்பிடுறான்" என்போம். பொய்யும் இல்லை. ஆனால் போன வருஷம் முழுத் தோசை சாப்பிட்டவன், அப்புறம் ஓரத்தைக் கிள்ளிப் போட்டுவிட்டு நடுவை மட்டும் தின்றான், அப்புறம் சாம்பாரில் ஊறவைத்தால் மட்டும், இப்போது இட்லியைப் பாலில் கரைத்தால் மட்டும். ஒவ்வொரு இறக்கமும் சின்னதாக இருப்பதால் வீட்டில் யாருக்கும் உறைப்பதில்லை. குழந்தையும் சொல்லாது, அதற்குத் தெரிந்த விழுங்கல் அதுதானே.

அதனால் ஒரு நோட்டில் மாதம் ஒருமுறை எழுதுங்கள்: இந்த மாதம் எந்தச் சாப்பாடு நின்றது, ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு எவ்வளவு நேரம் ஆகிறது, ஒவ்வொரு வாய்க்கும் தண்ணீர் கேட்கிறதா. அரை மணிக்கு மேல் வழக்கமாக இழுத்தால் அது அடம் என்று நினைக்காதீர்கள். காலையில் தலையணை எச்சிலில் நனைந்திருப்பது, படுத்த பிறகு இருமல், சாப்பிட்டது செரிக்காமல் அப்படியே வாய்க்குத் திரும்புவது, அடிக்கடி நெஞ்சுச் சளி, இதெல்லாம் சுருக்கம் இருக்கலாம் என்பதற்கான அடையாளங்கள்.

எடையும் அவசியம். இங்கே ஒரு சின்ன விஷயம்: உடம்பு முழுக்கக் கட்டு இருக்கும் குழந்தையைக் கட்டோடு நிறுத்தினால் கட்டும் களிம்பும் ஊறிய நீரும் சேர்ந்துதான் எடை காட்டும். குளிக்கவைக்கக் கட்டைப் பிரிக்கும் நாளில் எடை பாருங்கள், முடியாவிட்டால் அவிழ்த்த கட்டைத் தனியாக எடைபோட்டுக் கழியுங்கள். 2 மாதம் எடை ஏறவே இல்லை என்றால் அடுத்த ஓபி தேதிக்காகக் காத்திருக்க வேண்டாம்.

படி 2: திடீர் அடைப்பா, நிரந்தரச் சுருக்கமா

நேற்று வரை நன்றாகச் சாப்பிட்ட குழந்தை இன்று காலை வலி என்று வாயையே திறக்கவில்லை என்றால் புதுக் கொப்புளமாக இருக்கலாம். அது பெரும்பாலும் சில நாட்களில், சில சமயம் ஒன்றிரண்டு வாரத்தில் வடிந்துவிடும். அதுவரை குளிர்ந்த, வழவழப்பான திரவ உணவும் டாக்டர் சொன்ன வலி மருந்தும் போதும். மாதக் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக மோசமாவதுதான் சுருக்கம். எச்சிலையே விழுங்க முடியவில்லை, தண்ணீரும் வெளியே வருகிறது என்றால் எந்த வகை என்று யோசித்துக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

படி 3: எக்ஸ்ரேயில் பார்ப்பது

சுருக்கம் எங்கே, எத்தனை, எவ்வளவு நீளம் என்று பார்க்க எண்டோஸ்கோப்பி தேவையில்லை. தேவையில்லாமல் குழாயை உள்ளே விட்டால் அதுவே புதுக் கொப்புளத்தைக் கிளப்பும். வெள்ளை மருந்தைக் குடிக்கவைத்து, இறங்குவதை ஸ்கிரீனில் பார்க்கும் பேரியம் ஸ்வாலோ டெஸ்ட் போதும். மருந்து நுரையீரலுக்குள் போகும் அபாயம் இருக்கிறதா என்பதைப் பொறுத்துப் பேரியமா வேறு மருந்தா என்று டாக்டர் முடிவு செய்வார், எனவே குடிக்கும்போது புரையேறும் பழக்கம் இருந்தால் அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எக்ஸ்ரே டெக்னீஷியனிடமும் இரண்டு வார்த்தை: அக்குளில் கைகொடுத்துத் தூக்கக் கூடாது, மேஜையில் மெத்தென்று ஏதாவது விரிக்க வேண்டும்.

படி 4: டைலேஷன், அதாவது பலூன் வைத்து விரிப்பது

சிகிச்சையின் நடுநாயகம் இதுதான். மயக்கம் கொடுத்து, வாய் வழியாக மெல்லிய கம்பி ஒன்றைச் சுருக்கத்தைத் தாண்டி அனுப்புவார்கள். கம்பியின் மேல் சுருங்கிய பலூனை ஏற்றி, சுருக்கம் இருக்கும் இடத்தில் நிறுத்தி, எக்ஸ்ரேயில் தெரியும் மருந்துநீரால் ஊதுவார்கள். ஸ்கிரீனில் பலூனின் நடுவே இடுப்பு மாதிரி ஒரு ஒடுக்கம் தெரியும், சுருக்கம் விரிய விரிய அந்த இடுப்பு மறையும். ஏற்கெனவே வயிற்றில் ட்யூப் இருந்தால் அந்த வழியாகக் கீழிருந்து மேலாகவும் செய்யலாம், வாய் சிறுத்துப்போன பிள்ளைகளுக்கு அது வாயையும் தொண்டையையும் காப்பாற்றும்.

டாக்டரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: பலூனா, பூஜியா? பூஜி என்பது மெழுகுவர்த்தி வடிவக் குச்சியை உள்ளே தள்ளித் தள்ளி விரிக்கும் பழைய முறை. மற்ற நோயாளிகளுக்கு அது நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் ஈபியில் குச்சி போகும் வழியெல்லாம் சுவரை இழுத்து உரசும், பலூனோ நின்ற இடத்திலேயே பக்கவாட்டில் மட்டும் தள்ளும். அதனால்தான் ஈபி அதிகம் பார்க்கும் மையங்களில் எக்ஸ்ரே துணையோடு பலூன் என்பதே முதல் தேர்வாக இருக்கிறது. எங்களிடம் எண்டோஸ்கோப்பி வழியாகத்தான் பலூன் வைக்க வசதி என்று சொன்னால் உடனே மறுக்க வேண்டியதில்லை, இருப்பதிலேயே மெல்லிய ஸ்கோப்பாக, நிறைய ஜெல் தடவிச் செய்வார்களா என்று கேளுங்கள். வளையாத இரும்பு ஸ்கோப் என்றால் வேறு இடம் பாருங்கள்.

இரண்டாவது கேள்வி, ஒரே மயக்கத்தில் வேறு என்னென்ன முடிக்கலாம். பல் பிடுங்குவது, ரத்தம் எடுப்பது, கைவிரல் ஆபரேஷன், எல்லாவற்றையும் சேர்த்துத் திட்டமிட்டால் மயக்கம் கொடுக்கும் தடவைகள் குறையும். தேதிக்கு முன்பே ஹீமோகுளோபின் பாருங்கள். இந்தப் பிள்ளைகளுக்கு ரத்தசோகை கிட்டத்தட்ட எப்போதும் இருக்கும், ரொம்பக் குறைவாக இருந்தால் நரம்பு வழியாக இரும்புச்சத்தோ ரத்தமோ ஏற்றிவிட்டுத்தான் ஆரம்பிப்பார்கள்.

அடுத்து மயக்க டாக்டர். அவரை ஆபரேஷன் அன்று காலையில் முதல்முறை சந்திக்கும் நிலை வரக் கூடாது, முந்தைய வாரமே பார்த்துப் பேசுங்கள். வாய் எவ்வளவு திறக்கும், நாக்கு அடியில் ஒட்டியிருக்கிறதா, கழுத்து மடங்குமா என்று அவர் பார்க்க வேண்டும். நீங்கள் அவரிடம் சொல்ல வேண்டியவற்றில் முதலாவது பிளாஸ்திரி. ஒட்டும் பொருள் எதுவும் தோலில் படக் கூடாது. ஈசிஜி ஸ்டிக்கரின் பசை ஓரத்தை வெட்டி, நடுவிலுள்ள ஜெல் பகுதியை மட்டும் வைக்கலாம். மருந்து ஏற்ற நரம்பில் போடும் ஊசிக்குழாயான வென்ஃப்ளானைச் சிலிகான் டேப் அல்லது சுற்றுக்கட்டால் நிறுத்தலாம். ஆக்சிஜன் அளவு பார்க்கக் கிளிப் வகைக் கருவி, விரல்கள் ஒட்டிப்போயிருந்தால் காதுமடலில். பிபி பட்டைக்கு அடியில் பஞ்சுச் சுற்று. மாஸ்க் படும் இடத்தில் வாசலின் தடவிய காஸ், கண்ணை மூட டேப்புக்குப் பதில் கண் ஜெல். தூக்கும்போது இழுக்கக் கூடாது, விரிப்போடு சேர்த்து நேராகத் தூக்க வேண்டும். இதையும் மீறி யாராவது ஒரு துண்டு பிளாஸ்திரியை ஒட்டிவிட்டால் பிய்க்கவே கூடாது, சிலிகான் ரிமூவரையோ லிக்விட் பாரஃபினையோ ஊறவிட்டு மெதுவாக எடுக்க வேண்டும். இதையெல்லாம் எழுதி கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள். வாயால் சொன்னது ஷிஃப்ட் மாறும்போது காற்றோடு போய்விடும், அந்தக் கோபத்தை அனுபவிக்காத ஈபி பெற்றோர் குறைவு.

வீக்கம் வராமலிருக்க டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டைச் சில மையங்களில் ஒன்றிரண்டு டோஸ் கொடுப்பார்கள். ஒரே தடவையில் குழாயை முழு அகலத்துக்கும் கொண்டுவந்துவிட வேண்டும் என்று அவசரப்படுத்தாதீர்கள், கொஞ்சம் குறைவாக விரிப்பதே பாதுகாப்பு.

படி 5: வீட்டுக்கு வந்த பிறகு

பெரும்பாலும் அன்றே, அல்லது மறுநாள் அனுப்பிவிடுவார்கள். முதலில் குளிர்ந்த திரவம், அப்புறம் கூழ், அப்புறம் குழைந்த சாதம். முதல் நாள் எச்சிலில் கொஞ்சம் ரத்தம், வாயில் ஒன்றிரண்டு புதுக் கொப்புளம், விழுங்கும்போது வலி, இவை எதிர்பார்த்ததுதான். நெஞ்சிலோ முதுகிலோ கழுத்திலோ கடும் வலி, காய்ச்சல், மூச்சுத் திணறல், கழுத்துத் தோலைத் தொட்டால் நறநறவென்று காற்று நகர்வது, இதில் ஒன்று இருந்தாலும் உணவுக்குழாயில் ஓட்டை விழுந்திருக்கலாம். அரிது, ஆனால் உயிருக்கு ஆபத்து. வாய் வழியாக எதையும் கொடுக்காமல் உடனே செய்த ஆஸ்பத்திரிக்கே போங்கள்.

பலன் சில சமயம் மறுநாளே தெரியும். ஆனால் டைலேஷன் நோயைத் தீர்ப்பதில்லை, தழும்பு விழும் தன்மை அப்படியேதான் இருக்கிறது. சிலருக்குச் சில மாதத்தில், சிலருக்கு ஒரு வருஷம் கழித்து, சிலருக்கு அதற்கும் மேல் கழித்து மறுபடி தேவைப்படும். மறுபடி வந்ததற்கு நம் வீட்டுச் சாப்பாட்டில் என்ன தப்பு என்று மனைவியும் கணவனும் சண்டை போட்டுக்கொள்ள வேண்டாம். படி 1-ன் நோட்டு இருந்தால் உங்கள் பிள்ளையின் இடைவெளி என்னவென்று இரண்டு மூன்று தடவையில் புரிந்துவிடும், அடைத்த பிறகு ஓடுவதற்குப் பதில் அடைக்கும் முன்பே தேதி வாங்கிவிடலாம்.

படி 6: சாப்பாடு

காயம் ஆறிக்கொண்டே இருப்பதால் இந்தக் குழந்தைக்கு அதே வயதுக் குழந்தையைவிட அதிகக் கலோரியும் புரதமும் வேண்டும், ஆனால் உள்ளே போகும் வழியோ குறுகல். எனவே குறைந்த அளவில் நிறைய சத்து. தண்ணியான கஞ்சி வயிற்றை நிரப்பும், உடம்பை வளர்க்காது. அதே கஞ்சியில் பருப்பு மசியல், நெய், பால் பவுடர், முட்டை என்று சேர்த்துக் கெட்டியாக்கி, மிக்சியில் அடித்து, அப்புறம் வடிகட்டுங்கள். ராகிக்கூழ், தயிர் சாதம், கனிந்த வாழைப்பழம், முள் இல்லை என்று கையால் தடவி உறுதி செய்த மீன் மசியல், எல்லாம் சரி. வெறும் இட்லியைவிட நெய்யோ சாம்பாரோ ஊறிய இட்லி வழுக்கிக்கொண்டு இறங்கும்.

நம் சமையலில் கவனிக்காமல் விடும் இடம் தாளிப்பு. தயிர் சாதம் மெத்தென்று இருக்கும், அதில் கடலைப்பருப்பும் மிளகாய்த் துண்டும் கறிவேப்பிலை நடுநரம்பும் கிடக்கும். இந்தப் பிள்ளைக்கு அது கண்ணாடித்தூள். தாளித்த எண்ணெயை மட்டும் வடிகட்டி ஊற்றுங்கள், வாசனை வரும், பருப்பு வராது. அப்பளம், முறுக்கு, சிப்ஸ், முறுகல் தோசை ஓரம், ரஸ்க் எதுவும் வேண்டாம். காரமும் புளியும் புண்ணில் எரியும். சூடும் அப்படித்தான், காப்பியோ ரசமோ நாக்கில் வைத்தால் சூடே தெரியாத பதத்தில் கொடுங்கள்.

கைக்குழந்தை என்றால் தாய்ப்பால் கொடுக்கலாம், மார்க்காம்பிலும் குழந்தையின் உதட்டைச் சுற்றியும் வாசலின் தடவிக்கொண்டு. பாட்டில் என்றால் நிப்பிளை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து மிருதுவாக்குங்கள், வலிந்து உறிஞ்சாமலே பால் வரும் விசேஷப் பாட்டில்களும் கிடைக்கின்றன. ஸ்டீல் பாலாடை, சங்கு இரண்டின் விளிம்பும் உதட்டில் அழுந்தும், வேறு வழியில்லை என்றால் உதட்டில் முட்டுக்கொடுக்காமல் ஊற்றுங்கள்.

மலச்சிக்கலைச் சாப்பாட்டுப் பிரச்சினையாகவே பாருங்கள். ஆசனவாயில் புண் இருந்தால் குழந்தை மலத்தை அடக்கும், அடக்கினால் பசிக்காது, பசிக்காவிட்டால் சாப்பிடாது. இரும்பு மருந்து இதை இன்னும் கூட்டும். பாலிஎத்திலீன் கிளைக்கால் பவுடர் போன்ற மலமிளக்கியை டாக்டரிடம் கேட்டுத் தொடர்ந்து கொடுப்பதில் வெட்கமோ பயமோ வேண்டாம்.

படி 7: மருந்துகள்

நெஞ்செரிச்சலும் புளித்த ஏப்பமும் இருந்தால் ஒமிப்ரசோல் வகை மருந்து தருவார்கள், அமிலம் மேலே வந்து புண்ணைக் கிளறாமலிருக்க. பியூடசோனைடு மருந்தைக் கெட்டியான திரவத்தில் கலந்து விழுங்கவைத்து, சுருக்கம் திரும்பி வருவதைத் தள்ளிப்போடும் முயற்சியும் உண்டு. சிறிய ஆய்வுகளில் சில குழந்தைகளுக்குப் பலன் தெரிந்திருக்கிறது, வாயில் பூஞ்சைப் புண் வரலாம் என்பதால் டாக்டர் கண்காணிப்பில் மட்டும்.

மாத்திரை சுருக்கத்தில் சிக்கினால் அங்கேயே கரைந்து சுவரை அரிக்கும். சிரப்பாக இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் கேளுங்கள், எல்லா மாத்திரையையும் பொடிக்கக் கூடாது, எதைப் பொடிக்கலாம் என்று பார்மசிஸ்டிடம் கேட்டுக்கொள்ளுங்கள். குறிப்பாக டாக்ஸிசைக்ளின், எலும்புத் தேய்மானத்துக்குத் தரும் அலென்ட்ரோனேட் இரண்டும் உணவுக்குழாயைப் புண்ணாக்குவதில் பேர்போனவை. இந்த நோயில் எலும்பு மெலிவதும் உண்டு என்பதால் விஷயம் தெரியாத யாராவது அலென்ட்ரோனேட்டை எழுதித்தர வாய்ப்பு இருக்கிறது, நரம்பு வழியாகத் தரும் மாற்று மருந்து உண்டா என்று கேளுங்கள்.

அமெரிக்காவில் 2023-ல் அனுமதி பெற்ற வைஜுவெக் என்ற மரபணு ஜெல் பற்றிய செய்தி குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும். நல்ல செய்திதான், ஆனால் அது தோல் காயத்தின் மேல் போடுவது. உணவுக்குழாய்க்கு அது வழி இல்லை.

படி 8: வயிற்றில் ட்யூப்

டைலேஷன் செய்தும் எடை ஏறவில்லை, ஒவ்வொரு வேளைச் சாப்பாடும் போர்க்களமாக இருக்கிறது என்றால் இரைப்பைக்கு நேராக ட்யூப் போடுவதை டாக்டர் சொல்வார். கேஸ்ட்ராஸ்டமி என்பார்கள், வெளியே சின்னப் பட்டன் மட்டும் தெரியும். இதைத் தோல்வி என்று நினைத்து வருஷக் கணக்கில் தள்ளிப்போடும் குடும்பங்கள் உண்டு, அந்த வருஷங்களில் போன உயரம் அப்புறம் வருவதில்லை. வாயால் சாப்பிடுவதை இதற்காக நிறுத்த வேண்டியதில்லை. இரவில் தூங்கும்போது ட்யூப் வழியாகப் பாதிச் சத்து போய்விட்டால், பகலில் பிள்ளை பிடித்ததை ருசிக்கு ரெண்டு வாய் சாப்பிடலாம், இரும்பு மருந்து முதல் கசப்பு மருந்து வரை சண்டையில்லாமல் இறங்கும். வாய் வழியாக இழுத்துப் போடும் பெக் முறை தொண்டையை உரசும், ஆபரேஷன் முறையிலோ லேப்ராஸ்கோப் துணையோடோ போட முடியுமா என்று கேளுங்கள். பட்டனைச் சுற்றிக் கசிவும் தோல் புண்ணும் வரத்தான் செய்யும், அதற்கான பராமரிப்பைப் போடும் முன்பே கற்றுக்கொள்ளுங்கள். மூக்கு வழி ட்யூப் நீண்ட நாளுக்கு ஒத்துவராது.

படி 9: வாய்

வாய் சிறுக்காமலிருக்கத் தினமும் அகலத் திறந்து மூடும் பயிற்சி, சின்னத் தலை கொண்ட மிருதுவான பிரஷ், சாப்பிட்டதும் வாய் கொப்பளிப்பது. இனிப்புக் கூழையே நாள் முழுக்கச் சாப்பிடும் பிள்ளைக்குப் பல் சொத்தை சீக்கிரம் வரும், சொத்தைப் பல் வந்தால் மெல்லுவது நிற்கும்.

படி 10: அவசரத்துக்கு ஒரு தாள்

தொண்டையில் சிக்கிவிட்டது என்றால் தண்ணீர் குடி, சோற்று உருண்டையை விழுங்கு என்று பாட்டி வைத்தியம் செய்ய வேண்டாம், மேலே இன்னும் அடைக்கும். நிமிர்ந்து உட்காரவைத்து, எச்சிலை வெளியே துப்பவிட்டு, 108-ஐக் கூப்பிடுங்கள். சிக்கியது மூச்சுக்குழாயில் என்றால், அதாவது இருமவோ பேசவோ முடியாமல் நீலம் பாய்ந்தால், தோல் உரிவதைப் பற்றி யோசிக்காமல் வழக்கமான முதலுதவியைச் செய்யுங்கள்.

போகும் ஆஸ்பத்திரியின் கேஷுவல்டி டாக்டர் ஈபியைப் புத்தகத்தில் மட்டும் பார்த்தவராக இருக்கலாம். ஒரு தாளில் இவை இருக்கட்டும்: நோயின் பெயரும் வகையும், சுருக்கம் இருக்கும் இடம், கடைசி டைலேஷன் தேதியும் பலூன் அளவும், பிளாஸ்திரி கூடாது, மூக்கில் குருட்டாக ட்யூப் தள்ளக் கூடாது, கெட்டியான சக்‌ஷன் குழாய் கூடாது, ரத்தம் எடுக்கக் கட்டும் பட்டை துணியின் மேல்தான், வழக்கமாகப் பார்க்கும் டாக்டரின் போன் நம்பர். தமிழில் ஒன்று, டாக்டர்களுக்காக ஆங்கிலத்தில் ஒன்று. ஒரு பிரதி பள்ளிப் பையில், ஒன்று வகுப்பு டீச்சரிடம், போட்டோ எடுத்தது வீட்டில் எல்லார் போனிலும். ஒவ்வொரு டைலேஷன் முடிந்ததும் தேதியையும் பலூன் அளவையும் திருத்திவிட்டுப் பழைய தாள்களைக் கிழித்துப் போடுங்கள்.